யாருடைய மாடி?

சூரிய பகவான் யாரிடமும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு உதிப்பதில்லை. காசிமேட்டுப் படகுகள் கரைக்குத் திரும்பும் வேளையில் கடலிலிருந்து எழுந்து, துறைமுகத்துக் கிரேன்களுக்கு மேலே ஏறி, ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு மாடியையும் விடாமல் அவர் சுட்டுப் பொசுக்கிவிட்டுப் போகிறார். இந்த வெயிலுக்கு ரேஷன் கார்டு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஆனால் அதே வெயிலைத் தகட்டிலே பிடித்து, வீட்டுக்கு வேண்டிய மின்சாரமாக மாற்றி, மிச்சத்தைத் தெருக் கம்பியிலேயே திருப்பி விட வேண்டும் என்று ஒரு குடும்பஸ்தர் ஆசைப்பட்டுவிட்டாரோ, அப்போது மனு, ஒப்பந்தம், பரிசோதனை, மீட்டர், மானியம் என்று ஐந்து வாசல்கள் அவர் முன்னே வரிசையாக நிற்கின்றன.

இந்த வாசல்களில் சில சமீப காலத்தில் அகலமாகத் திறந்துவிட்டன. அதைச் சொல்லி நேயர்களை உற்சாகப்படுத்துவது நமது நோக்கம். வேறு சில வாசல்கள் இன்னும் பாதி மூடியே இருக்கின்றன. அதையும் சொல்லாமற்போனால் நாம் பாதி உண்மை சொன்னவர்களாவோம்.

சாம்பல் கணக்கு

இந்த விஷயத்தை வடசென்னையை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பட்டணத்துக்கு விளக்கேற்றிய பிரதேசம் அது. பேஸின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தை நடத்தி வந்த மதராஸ் எலெக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பரேஷனை 1947-ஆம் வருஷம் மாகாண ஸர்க்கார் ஏற்றுக்கொண்டது. 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம் ஓட ஆரம்பித்து, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச்சு மாதக் கடைசியில் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் எழுந்துவிட்டது. முதற் கட்டம் 630 மெகாவாட். இரண்டாவது கட்டம் 1,200. 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த மூன்றாவது கட்டம் 800. பக்கத்திலே வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். ஒரு காததூரத்துக்குள் இத்தனை புகைபோக்கிகள்!

நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றின் முகத்துவாரமும் அதைச் சார்ந்த அலையாத்திக் காடும் மீன்பாடும் பட்ட பாடு கோர்ட்டு வரையில் போன கதை. மின்சாரம் கம்பி ஏறித் தெற்கே போயிற்று. சாம்பல் இங்கேயே தங்கிவிட்டது.

ஆகையால், சாம்பல் இல்லாமல் மின்சாரம் எடுக்க ஒரு வழி உண்டென்றால், அந்த வழியில் முதல் மரியாதை பெற வேண்டியவர்கள் இந்தப் பிரதேசத்து ஜனங்களே என்பது நமது துணிபு. கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. தகட்டிலே வெயில் பட்டதும் நேர் மின்சாரம் பிறக்கிறது. இன்வெர்ட்டர் என்னும் பெட்டி அதை நம் வீட்டு விசிறியும் விளக்கும் ஏற்கும் மாறு மின்சாரமாக மாற்றுகிறது. பகலில் வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியது தெருக் கம்பிக்குப் போகிறது; இரவில் கம்பியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. போனதையும் வந்ததையும் தனித்தனியே எழுதி வைத்துக் கழித்துக் காட்டுவது 'நெட் மீட்டர்'. பலசரக்குக் கடையிலே பற்று வரவு எழுதுவது போலத்தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பற்று வரவுக்கு 2013-ஆம் வருஷம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முதலில் வழி செய்தது. 2019-ல் முறையை மாற்றி, நாம் கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு வேறு விலை என்று வைத்தது. கொடுப்பது மலிவு, வாங்குவது கிராக்கி! 2021-ல் வீடுகளுக்கு மறுபடியும் பழைய நெட் மீட்டர் முறையே வந்தது; கூடவே வலையமைப்புக் கட்டணம் என்று ஒன்றும் வந்தது. எட்டு வருஷத்தில் மூன்று முறை! அடுத்த வீட்டுக்காரர் ஐந்து வருஷத்துக்கு முன் கேட்ட விதியை நம்பி யாரும் காரியத்தில் இறங்க வேண்டாம். மனுப் போடும் தினத்தில் எந்த விதி, என்ன கட்டணம் என்று மின்சார ஆபீஸிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது உத்தமம்.

2024-ஆம் வருஷம் இரண்டு பெரிய மாறுதல்கள் நேர்ந்தன. ஒன்று, அந்த வருஷம் பிப்ரவரியில் மத்திய ஸர்க்கார் தொடங்கிய 'பிரதம மந்திரி சூர்ய கர்' திட்டம். ஒரு கோடி வீடுகளை உத்தேசித்து, ரூ.75,021 கோடி ஒதுக்கப்பட்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 என்று மானியம். ஆக ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ரூ.78,000. மூன்றுக்கு மேல் எத்தனை வைத்தாலும் மானியம் அதே தொகைதான்.

இரண்டாவது மாறுதல் அவ்வளவு கொட்டுமுழக்கோடு வரவில்லை. ஆனால் நம் விஷயத்துக்கு அதுவே முக்கியமானது. 2020-ஆம் வருஷத்து மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2024 பிப்ரவரி 22-ந்தேதி திருத்தப்பட்டன. அதன்படி, பத்துக் கிலோவாட் வரையில் உள்ள மனு குறைவில்லாமல் பூர்த்தி செய்யப்பட்டிருந்தால், 'உங்கள் தெருக் கம்பி தாங்குமா' என்ற சாத்தியக்கூறு ஆராய்ச்சி இல்லாமலே அது ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். வீட்டுக்கு அனுமதித்த மின்பளு போதாவிட்டால், அதையும் மின்சாரக் கழகமே தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐந்து கிலோவாட் வரையில், தெரு மின்சார அமைப்பைப் பலப்படுத்தும் செலவு கழகத்தைச் சேர்ந்தது, வீட்டுக்காரரைச் சேர்ந்ததல்ல. தகடுகளை வைத்து முடித்து உரிய சான்றைக் கொடுத்தபின், ஒப்பந்தம், மீட்டர், பரிசோதனை ஆகியவற்றுக்கு முன்பு முப்பது நாள் தவணை இருந்தது; இப்போது பதினைந்து நாள்.

மனு செய்யும் கிரமம் சுருக்கமானது. தேசிய இணைய வாசலில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வது. பதிவு பெற்ற கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அவர்கள் தகடு வைத்ததும் விவரங்களை ஏற்றுவது. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தார் வந்து பார்த்து, மீட்டர் வைத்து, சான்றிதழ் கொடுப்பது. வங்கிக் கணக்கு விவரம் கொடுத்ததும் மானியம் அந்தக் கணக்கிலேயே வந்து சேர்வது. தகடு வைத்த கம்பெனி ஐந்து வருஷம் பராமரிக்கக் கடமைப்பட்டது. இதை ஒப்பந்தத் தாளில் எழுத்து மூலமாக வாங்கிக்கொள்வது வீட்டுக்காரர் கடமை.

மானியம் வேண்டுமானால் இன்னொரு நிபந்தனை உண்டு. தகடும், தகட்டுக்குள் இருக்கும் மின்கலமும் இரண்டுமே இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். உலகத்தில் சூரியத் தகடு செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு நூற்றுக்கு எண்பதுக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் 2022-ல் கணக்கிட்டது. இந்த நிலைமையில் இப்படி ஒரு நிபந்தனை அவசியந்தான். திருநெல்வேலிச் சீமையில் கங்கைகொண்டானிலேயே மின்கலமும் தகடும் செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. கதர் வாங்கும்போது முத்திரையைப் பார்த்து வாங்கிய தாத்தாக்களின் பேரன்மார், தகடு வாங்கும்போதும் முத்திரையைப் பார்த்து வாங்குவது அழகு.

மகிழ மரத்தடி

திருவொற்றியூரில் நடந்த ஒரு பழைய ஒப்பந்தம் நேயர்களுக்குத் தெரியும். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சபதம் செய்ய வேண்டியிருந்தது. ஸந்நிதியில் சபதம் செய்தால் மீற முடியாதே என்று எண்ணி, அந்த நேரத்துக்கு மட்டும் மகிழ மரத்தடிக்குப் போயிருக்கும்படி ஸ்வாமியை வேண்டிக்கொண்டார். ஸ்வாமியோ சங்கிலியாரிடம், 'சபதத்தை மகிழ மரத்தடியிலேயே செய்யச் சொல்' என்று அறிவித்துவிட்டார். சபதம் மீறிய அன்று சுந்தரருக்குக் கண்ணொளி போயிற்று என்கிறது புராணம். அந்தச் சங்கிலியார் பிறந்த ஊர் பொன்னேரிப் பக்கத்து ஞாயிறு என்னும் கிராமம். அங்கே சூரியன் பூஜித்த கோயில் இருக்கிறது. இந்த விஷயத்துக்குப் பொருத்தமான ஊர்தான்!

இதில் நமக்கு உள்ள பாடம் என்னவென்றால், வாக்கை எங்கே, எப்படி வாங்குவது என்பது முக்கியம். 'பதினைந்து நாள்' என்று விதி சொல்கிறது. எந்தத் தேதியிலிருந்து பதினைந்து நாள்? மனுவும் சான்றும் குறைவில்லாமல் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து. அந்தத் தேதிக்கு ருசு உம்மிடம் இருந்தால்தான் விதி உமக்குத் துணை. ஆகவே வாய்மொழியாக 'ஆயிற்று, சார். அடுத்த வாரம் மீட்டர்' என்று யார் சொன்னாலும், பதிவு எண்ணையும் ஏற்புக் கடிதத்தையும் அச்சிட்டு வைத்துக்கொள்க. மனுவில் குறை என்றால் என்ன குறை என்று எழுத்திலே கேட்க. தவணை தாண்டினால் அந்த வட்டத்து மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம். பொறுமையும், தேதி வாரியாக அடுக்கிய காகிதமும் இருந்தால் போதும்.

பெயர் என்னும் பூட்டு

இனி, பாதி மூடிய வாசலுக்கு வருவோம். ராயபுரத்துச் சந்து ஒன்றில் ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். தகட்டுக் கம்பெனிப் பையன் வருகிறான், மாடியைப் பார்க்கிறான், சந்தோஷப்படுகிறான். பிறகு மின்சாரப் பில்லைப் பார்க்கிறான்.

"சார், கனெக்ஷன் யார் பேர்ல இருக்கு?"

"எங்க தாத்தா பேர்ல, தம்பி."

"அவர் ஆதார் கார்டும் பாங்கு பாஸ்புக்கும் வேணும், சார்."

"அவர் போய் இருபது வருஷம் ஆச்சே!"

பையன் தன் பையை மூடிக்கொள்கிறான்.

இது வேடிக்கைக்கு எழுதியதல்ல. தாத்தா பெயரிலே மின்சாரம், அப்பா பெயரிலே வீட்டு வரி, பத்திரமோ அண்ணன் தம்பி நால்வருக்கும் பொது. இப்படிப்பட்ட வீடுகள் ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விளக்கு எரியும் வரையில் யாருடைய பெயர் என்று ஒருவரும் கேட்பதில்லை. மானியம் என்று வரும்போது, மின் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

ஆகவே நமது முதல் யோசனை இது: தகடு வாங்குவதைப் பற்றி எண்ணுவதற்கு முன்னால் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைச் சேகரிப்பதற்குச் சில மாதங்கள் ஆனாலும் ஆகும். அண்ணன் தம்பிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பொங்கல் நாளிலேயே இதைப் பேசி முடிப்பது விவேகம். தகடு இருபத்தைந்து வருஷம் நிலைக்கும் பொருள். சகோதரர்களுக்குள் சமரசமும் அத்தனை காலம் நிலைக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

பல குடும்பங்கள் சேர்ந்த மாடிக் கட்டடங்களில் விஷயம் வேறு மாதிரி. மொட்டை மாடி மேல் மாடிக்காரருக்குச் சொந்தமல்ல. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் மாடியைப் பொது இடங்களின் வரிசையிலே சேர்த்திருக்கிறது. மற்றவர்களின் சம்மதத்தை எழுத்து மூலம் வாங்காமல் அங்கே ஒரு தகட்டை ஏற்றினால், மின்சாரத்தோடு சண்டையும் சேர்ந்தே உற்பத்தியாகும். இப்படிப்பட்ட இடங்களில் சங்கத்தின் பெயரால் தகடு வைத்து, லிப்டு, தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொதுச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு.

உப்பும் சாம்பலும் புயலும்

காகித விஷயம் முடிந்ததும் கட்டட விஷயம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சந்துகள் நெருங்கிய ராயபுரத்தில், அடுத்த வீட்டுக்காரர் மூன்றாவது மாடி எழுப்பினால் நம் வெயில் அவரைச் சேர்ந்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மேல் விழுந்தாலும் அதோடு கோத்த மற்றத் தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று நாமே பார்த்துவிட வேண்டும்.

பழைய வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரைகள் இன்னும் இருக்கின்றன. அதிலே துளை போட்டால் ஐப்பசி மழை நேரே கூடத்துக்கு வந்துவிடும். துளை போடாமல் சிமெண்டுக் கட்டைகளைப் பாரமாக வைத்தால் உத்தரம் தாங்க வேண்டும். கட்டட நிபுணர் ஒருவரைக் காட்டிக் கேட்காமல் இந்த வகைக் கூரையில் கை வைப்பது புத்திசாலித்தனமல்ல.

காற்றையும் மறக்கக் கூடாது. இந்தியக் கட்டடக் காற்றுப் பளு விதியான ஐ.எஸ். 875, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் பட்டணத்து மரங்களை என்ன செய்தது என்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மிகையாகத் தோன்றாது. சட்டமும் திருகாணியும் இந்த வேகத்துக்குக் கணக்கிட்டவைதானா என்று கம்பெனியாரிடம் எழுத்திலே கேட்க வேண்டும். தகடு பறந்தால் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல, தெருவிலே போகிறவருக்கு.

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சு நன்றாகக் கொடுத்த சட்டமோ, அலுமினியச் சட்டமோதான் நிற்கும். உப்புக் காற்றுப் பரிசோதனையில் தேறிய தகடுகள் என்று தனியே உண்டு, ஐ.இ.சி. 61701 என்பது அந்தப் பரிசோதனையின் எண். கேட்டு வாங்க வேண்டும். சாம்பலும் தூசியும் படிந்தால் தகடு பாதிக் கண் மூடினாற்போல ஆகிவிடும். ஆகையால் மற்ற இடங்களைவிட இங்கே அடிக்கடி கழுவ நேரும். வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் கழுவுவது நல்லது. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரால் கழுவினால் வெள்ளைப் படலம் தங்கிவிடும். குழாய்த் தண்ணீர்தான் தகுந்தது.

இன்னொன்று. தெருவில் மின்சாரம் நின்றால் மாடித் தகட்டு மின்சாரமும் நின்றுவிடும். 'சூரியன் இருக்கிறதே, ஏன் விசிறி சுற்றவில்லை?' என்று கேட்பவர்கள் பலர். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் தொழிலாளி, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுகிறார். அப்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் கதி என்னாவது? அதற்காகவே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இந்த ஒரு விதியைப் பற்றி நமக்கு முணுமுணுப்பே இல்லை. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பாட்டரியோடு கூடிய ஏற்பாடு வேறு, செலவும் வேறு.

லாபம் யாருக்கு?

சென்னையில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதப் பில்லுக்கு 240 யூனிட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு இரண்டு கிலோவாட் தாராளம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் கணக்கில் வைத்தால், 'மூன்று வைத்தால் மானியம் முழுதும் கிடைக்குமே' என்று ஆசைப்பட்டுப் பெரிதாக வைக்க அவசியமில்லை. நம் ஊர் மின்கட்டணம் படிக்கட்டுக் கட்டணம். மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். ஆகையால் மேல் படிகளில் இருப்பவர்களுக்குத் தகடு வெகு லாபம். சில வருஷங்களில் போட்ட முதல் திரும்பிவிடும்.

அடிப்படியில் இருப்பவர்களுக்கோ? இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் எரிக்கும் குடும்பம் இலவசம் போக 50 யூனிட்டுக்குத்தான் பணம் கட்டுகிறது. அவர்கள் கடன் வாங்கித் தகடு வைத்தால் கடன் தீரும், ஆனால் லாபம் தெரியாது. ஆகவே இந்த மானியம், இயற்கையாகவே, அதிகம் மின்சாரம் செலவழிப்பவர் பக்கம், சொந்த மாடி உள்ளவர் பக்கம், பெயர் சுத்தமாக உள்ளவர் பக்கம் சாய்கிறது. 2025 மார்ச்சுக்குள் நாடெங்கும் பத்து லட்சம் வீடுகள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தன. முன்னணியில் நின்றது குஜராத். தமிழ்நாட்டு வெயில் குஜராத்து வெயிலுக்கு இளைத்ததல்ல. நம்மவர் பின்தங்கியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

மாடி இல்லாதவர்கள்

ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் வாடகைக் குடித்தனங்கள் எத்தனை! மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடித்தனக்காரர் கொடுக்கிறார். தகடு வைக்க வீட்டுக்காரருக்கு அவசரமில்லை, குடித்தனக்காரருக்கு அதிகாரமில்லை. எண்ணூர்க் குப்பங்களில் கல்நார் ஓட்டுக் கூரைகள். அவை தகட்டின் பாரத்தையும் அதை வைக்க ஏறுகிறவரின் பாரத்தையும் தாங்கா. பழைய குடிசை மாற்று வாரியம், 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது, கட்டிய அடுக்கு வீடுகளில் நல்ல காங்கிரீட்டு மாடிகள் உண்டு. ஆனால் ஒரு மாடியின் கீழே பற்பல குடும்பங்கள். யாருடைய மீட்டரில் எழுதுவது?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமலில்லை. டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தகடு ஒரே இடத்தில் இருக்கும். அதில் உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பங்கு விகிதப்படி பல வீட்டு மீட்டர்களில் வரவு வைக்கலாம். கோயில் உண்டைக்கட்டியைக் குடும்பத்துக்கு இத்தனை என்று பங்கிடுவதைப் போன்ற ஏற்பாடு! ஜெர்மனியில் 2024-ல் சட்டத்தைத் தளர்த்தி, வாடகைக்கு இருப்பவர்கள் கூடத் தங்கள் தாழ்வாரக் கம்பியில் ஒன்றிரண்டு தகடுகளை மாட்டி, 800 வாட் வரையில் வீட்டுப் பிளக்கிலேயே செலுத்திக்கொள்ள இடம் கொடுத்தார்கள். தகுந்த காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்கக் கூடாது என்றும் வைத்தார்கள். குளிர் நாட்டிலே, மங்கிய வெயிலிலே, இது நடக்கிறது.

நம் ஊருக்கு நாம் கோருவது மூன்று காரியங்கள். வாரியத்து அடுக்கு வீடுகள், மாநகராட்சிப் பள்ளிக்கூடங்கள், சமுதாயக் கூடங்கள் ஆகியவற்றின் மாடிகளில் ஸர்க்காரே தகடு வைத்து, அந்த யூனிட்டுகளைச் சுற்றியுள்ள சிறு குடும்பங்களின் மீட்டரில் பங்கிட்டு வரவு வைக்கும் முறையைக் கொண்டுவர வேண்டும், இது முதலாவது. இதில் எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் திருவொற்றியூருக்கும் முன்னுரிமை தர வேண்டும். சாம்பலுக்கு முன்னுரிமை கொடுத்தவர்கள் வெளிச்சத்துக்கும் கொடுப்பது நியாயம், இது இரண்டாவது. மூன்றாவது, மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்குத் தெருவாரியாக முகாம் போட்டு, வாரிசு தஸ்தாவேஜுகளை அங்கேயே பார்த்து முடித்துக் கொடுக்க வேண்டும். முன்னிரண்டுக்கும் பணமும் ஆணையும் வேண்டும். கடைசிக் காரியத்துக்கு மேஜை, நாற்காலி, மனமுள்ள நான்கு உத்தியோகஸ்தர்கள் இருந்தால் போதும்.

நேயர்களில் சொந்த மாடியும் சுத்தமான பெயரும் உள்ளவர்கள் காத்திராமல் இப்போதே மனுச் செய்யலாம். விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் தங்கள் மின்சாரப் பில் குறைந்ததும், அடுத்த சந்தில் மாடியில்லாத குடும்பத்துக்காகவும் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால், வெயிலைப் போலவே அதன் பயனும் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர வழி பிறக்கும்.